இரண்டு பாதிரிகளும் ஒரு பாஸ்காவும்

திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் தொடர்வண்டியில் ஏறி அமர்ந்தால், சிதம்பரம் சென்று சேர்வதற்குள் பெயர்ப்பலகைகள் பல நம்மைக் கடந்து செல்கின்றன. கடலூர் துறைமுகச் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என அவை ஒவ்வொன்றாய் வந்து மறையும்போது, ‘இவ்வூருக்கு இப்பெயர் ஏன் வந்தது?’ என்னும் வினா எழாத மனிதர் அரியர். எதிரே அமர்ந்திருப்பவரைக் கேட்டால் விடையும் உடனே கிடைத்துவிடும். பெயர்க்காரணம் சொல்லத் தயங்கும் ஊர்க்காரரை நாம் இதுவரை கண்டதில்லை.

அத்தகைய விடையொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. முன்னாளில் பாதிரிமார் வந்து தங்கிய ஊராதலால் பாதிரிப்புலியூர் எனப் பெயர் வந்தது என்று நம்மவர் சிலர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டபோது மறுத்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. சொன்னவர் நல்லவர், சொன்னதும் நமக்கு இனித்தது. ஆனால் அந்த இனிப்பே பின்னர் நம் நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. பிறர் தம் ஊர்ப்பெயருக்கும் தம் மொழிக்கும் புனைந்துரைக்கும் காரணங்களைக் கேட்டுப் புன்னகை செய்யும் நாம், நமக்குச் சாதகமான புனைவு வரும்போது மட்டும் வாய்மூடி இருப்பது நேர்மையாகுமா? பழைய சொற்பிறப்பு விளக்கங்களை எவ்வாறு வாசிப்பது, எதுவரை ஏற்பது, எங்கே மறுப்பது என்பதை இதை முன்னிட்டுச் சிறிது ஆராய்வோம்.

பாதிரி என்னும் மரம்

முதலில் நம் வீட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். பாதிரி என்பது ஒரு மரம். மணமிக்க மலரை உடையது. வடமொழியில் அதனைப் பாடலம், பாடலி என்பர். திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் தலமரம் அதுவே. அங்கே எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர் பாடலீசுவரர் என்பதும் அம்மரத்தால் வந்ததே. ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பரும் சம்பந்தரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அதற்கும் முன்னர், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மன் காலத்தில், கி.பி. 458ஆம் ஆண்டில், ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூல் பாடலிகா என்னும் ஊரில் எழுதி முடிக்கப்பட்டது. அவ்வூர் திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பாதிரியார் என்னும் பாதிரியோ கடல் கடந்து வந்தவர். போர்த்துக்கீசியரின் ‘பாத்ரே’ என்னும் சொல்லே தமிழ் நாவில் பாதிரி ஆயிற்று. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498இல். எனவே மரத்தால் வந்த பெயர், குருவைக் குறிக்கும் சொல்லைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. இரு சொற்களும் ஒலியில் ஒன்று, பிறப்பில் ஒன்றல்ல. இவ்வூரின் பெயரில் நமக்குப் பங்கில்லை. இதனை மகிழ்ச்சியோடு சொல்ல இயலாவிட்டாலும் தெளிவாகச் சொல்லிவிடுவது கடமை.

கிரேக்கர் கண்ட வழி

ஒலி ஒத்திருந்தால் உறவு இருக்கும் என்னும் எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மேலை நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. பிளேட்டோவின் ‘கிராத்திலஸ்’ என்னும் உரையாடலில் இருவர் வாதிடுகின்றனர். பெயர்கள் மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால் அமைந்தவை என்பார் எர்மோகெனஸ். இல்லை, பொருளின் இயல்பே பெயரில் உறைகிறது என்பார் கிராத்திலஸ். நடுவராக வரும் சாக்ரடீஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கிரேக்கச் சொற்களைப் பிரித்துப் பிரித்துக் காரணம் காட்டுகிறார். மனிதனைக் குறிக்கும் ‘ஆந்த்ரோபோஸ்’ என்னும் சொல்லுக்கு, தான் கண்டதை நிமிர்ந்து நோக்கி ஆராய்பவன் என்று பொருள் விரிக்கிறார். விலங்குகள் காணும், ஆராயா என்பது கருத்து. உடலைக் குறிக்கும் ‘சோமா’ என்னும் சொல்லையும் கல்லறையைக் குறிக்கும் ‘சேமா’ என்னும் சொல்லையும் இணைத்து, உடலே ஆன்மாவின் கல்லறை என்று சிலர் சொல்வதையும் எடுத்துக்காட்டுகிறார்.

இவ்விளக்கங்களை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆயினும் இவற்றைப் படித்து முடித்தவர், மனிதன் என்றால் யார், உடல் என்றால் என்ன என்னும் வினாக்களோடுதான் நூலை மூடுவார். அவ்வுரையாடலின் முடிவு இன்னும் கருதத்தக்கது. பெயர்களை மட்டும் கொண்டு பொருளை அறிய முயல்வதைவிடப் பொருளையே நேரில் ஆராய்தல் நன்று என்னும் இடத்திற்குச் சாக்ரடீஸ் வந்து சேர்கிறார். நூறு சொற்களுக்குக் காரணம் சொன்னவர், இறுதியில் அக்காரணங்களைச் சார்ந்து நிற்க வேண்டாம் என்று எச்சரிப்பது வியப்பன்றோ!

பின்வந்தோர் எல்லாரும் அவ்வெச்சரிக்கையை நினைவில் வைத்தனர் என்று சொல்ல இயலாது. பைசாந்தியக் காலத்தில் கிரேக்கச் சொற்களின் பிறப்பைக் கூறும் பேரகராதிகள் எழுந்தன. 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘எத்திமோலொகிக்கும் மாக்னும்’ அவற்றுள் புகழ் பெற்றது; 1499இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று காரணங்களை அடுத்தடுத்து அடுக்கி, எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமலே விட்டுவிடுவது இத்தகைய நூல்களின் வழக்கம். நம் நாட்டு உரையாசிரியர் நூல்களில் பழகியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இலத்தீன் உலகில் இத்துறையின் பேராசானாக விளங்கியவர் செவில் நகர் ஆயர் புனித இசிதோர். கி.பி. 636இல் மறைந்த இவர், அப்பர் பெருமானின் காலத்தவர் எனலாம். தென்னாட்டில் ஒருவர் ஊர் ஊராய்ச் சென்று பாடிக்கொண்டிருந்த நாள்களில், ஸ்பெயின் நாட்டில் மற்றொருவர் உலகிலுள்ள பொருள்களின் பெயர்க்காரணங்களையெல்லாம் இருபது புத்தகங்களாகத் தொகுத்துக்கொண்டிருந்தார். ‘எபிஸ்கோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வை செய்பவர் என்று அவர் கூறியது முற்றிலும் சரி. நண்பனைக் குறிக்கும் ‘அமிக்குஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை ஆன்மாவின் காவலன் என்று பிரித்தது தவறு. அது அன்பு செய்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆயினும் எல்லாப் பெயரும் இயல்பைக் கருதி இடப்பட்டதன்று, சில பெயர்கள் இட்டவரின் விருப்பத்தால் மட்டும் அமைந்தவை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். 1722இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என அறிவித்தது. அவருடைய சொற்பிறப்புகள் அனைத்தும் சரி என்று அறிவிக்கவில்லை.

பாஸ்கா தரும் பாடம்

நமக்கு மிக நெருங்கிய கிரேக்கச் சொல் ஒன்று உண்டு. அது பாஸ்கா. கிரேக்க மொழியில் ‘பாஸ்கெய்ன்’ என்னும் வினைக்குத் துன்புறுதல் என்பது பொருள். இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகர் ஆயராக இருந்த மெலித்தோ, பாஸ்காவைப் பற்றிய தமது மறையுரையில், துன்புறுதலிலிருந்தே பாஸ்கா என்னும் பெயர் வந்தது என்றார். 1940இல் அச்சேறி அறிஞர் உலகத்திற்குக் கிடைத்த அவ்வுரை, படிப்போர் நெஞ்சை உருக்குவது. ஆனால் அந்தக் காரணம் மட்டும் பிழை. பாஸ்கா கிரேக்கச் சொல்லன்று. ‘பெசாக்’ என்னும் எபிரேயச் சொல், அரமேயத்தின் வழியாகக் கிரேக்கத்தில் நுழைந்த வடிவம் அது. கடந்து செல்லுதல் என்பதே திருச்சபைத் தந்தையர் அதற்குக் கொண்ட பொருள்.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் இதனைச் சுட்டிக்காட்டினார். சகோதரர் பலர் துன்பத்தால் வந்த பெயர் என்று கருதினாலும் எபிரேயர் வழக்கு அதுவன்று என்றார். புனித அகுஸ்தினாரும் யோவான் நற்செய்தி விரிவுரையில் இதனை எடுத்துக்கொள்கிறார். அவர் செய்வது நம் கவனத்திற்கு உரியது. சிலர் நினைப்பது போல் இது கிரேக்கச் சொல்லன்று, எபிரேயச் சொல் என்று முதலில் திருத்துகிறார். அதன் பின்னர், இரண்டு மொழிகளும் இச்சொல்லில் இவ்வளவு பொருத்தமாக இணைவது அழகன்றோ என்று மகிழ்கிறார். கிறிஸ்து துன்புற்றதும் உண்மை. இவ்வுலகிலிருந்து தந்தையிடம் கடந்து சென்றதும் உண்மை. சொல்லின் வரலாறு ஒன்றைச் சொல்கிறது. ஒலியின் ஒப்புமை மற்றதை நினைவூட்டுகிறது. அகுஸ்தினார் இரண்டையும் குழப்பவில்லை, இரண்டையும் இழக்கவுமில்லை.

நம் சிற்றூர்களில் திருப்பாடுகளை நடித்துக்காட்டும் நாடகத்திற்கும் பாஸ்கா என்றே பெயர். இரவெல்லாம் விழித்திருந்து அதனைப் பார்க்கும் மக்களுக்கு எபிரேயமும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. ஆயினும் அவர்கள் அச்சொல்லால் முதலில் உணர்வது ஆண்டவரின் துன்பத்தையே. மெலித்தோ சொன்ன பொருள் இங்கே தமிழ் மண்ணில் தானாகவே முளைத்திருக்கிறது. பிழையான சொற்பிறப்பு என்று அதனைக் களைய முற்படுவோர், களையோடு பயிரையும் பிடுங்கிவிடுவர்.

நம் இலக்கணத்தின் நிலை

இதே வினாவை நம் முன்னோரும் எதிர்கொண்டனர். வடமொழியில் ‘நிருக்தம்’ செய்த யாஸ்கர், எந்தச் சொல்லையும் காரணம் கூறாமல் விடலாகாது என்றும், ஓர் அசையின் ஒப்புமை கிடைத்தாலும் அதைக்கொண்டு விளக்க வேண்டும் என்றும் கருதினார். எல்லாப் பெயரும் வினையிலிருந்து பிறந்தவை அல்ல என்று கார்க்கியர் மறுத்ததையும் அவரே பதிவு செய்கிறார். தொல்காப்பியரோ எல்லாச் சொல்லும் பொருள் உடையன என்று கூறி, அப்பொருளுக்கான காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்றும் வேறோரிடத்தில் கூறிவிட்டார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எளிதில் தோன்றாது என்றார். இவ்வடக்கம் போற்றத்தக்கது. நன்னூலார் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரித்து, மரம் போன்ற பெயருக்குக் காரணம் தேடாமலும் பறவை போன்ற பெயருக்குக் காரணம் கண்டும் அமைதி அடையும் வழியைக் காட்டினார். இசிதோர் கண்ட பிரிவும் ஏறத்தாழ இதுவே.

அம்பலமும் அம்பரமும்

தில்லையின் பெயர் இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த களம். தில்லை என்பது மரத்தால் வந்த பெயர்; பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் அம்மரம் இன்றும் நிற்கிறது. சிதம்பரம் என்னும் பெயரைச் சித், அம்பரம் எனப் பிரித்து, அறிவாகிய வெளி என்பர். தேவாரத்தில் பயில்வதோ சிற்றம்பலம் என்னும் சொல். சிறிய அம்பலம் என்னும் தமிழ்த்தொடரே வடமொழி வடிவம் பெற்றுச் சிதம்பரம் ஆயிற்று என்பது அறிஞர் பலரின் முடிவு. அப்படியாயின் அறிவு வெளி என்னும் விளக்கம் பின்னர் வந்து பொருந்தியதாகும். ஆனால் அதனைப் பொய் என்று ஒதுக்க முடியுமா? திரை விலகும்போது பொன் வில்வ மாலை தொங்கும் வெற்றிடத்தை இரகசியம் என வழிபடும் மரபு, அவ்விளக்கத்தோடு பிரிக்க இயலாதபடி பின்னியுள்ளது. அம்பலம் அம்பரமானதை வரலாறு ஆராயும். அம்பரத்தின் பொருளை ஆராய்வது வேறு துறை.

கடலூரின் பெயரோ இன்றும் வழக்கில் நிற்கும் வினா. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, கடலை ஒட்டிய ஊர் ஆதலின் கடலூர் என்பதே சரியான பெயராகலாம் என்றது. 1903இல் அதனைப் புதுப்பித்த குரூக், ஆறுகள் கூடும் இடமாதலின் கூடலூர் என்று சென்னை மாகாணச் சொற்கோவை கூறுவதையும் உடன் சேர்த்தார். கெடிலமும் பரவனாறும் உப்பனாறும் பெண்ணையும் சூழ்ந்த நிலத்திற்குக் கூடல் என்பது பொருத்தமானதே. பழம்பெயர் கூடலூர் என்றே பெரும்பாலோர் கொள்வர். ஆனால் அலையோசையை நாள்தோறும் கேட்கும் மக்களின் வாயில் கூடல், கடலாக மாறியதில் வியப்பென்ன? பெயரின் காரணம் மறைந்தபோது ஊரார் புதுக்காரணம் கண்டு, அக்காரணத்திற்கு ஏற்பப் பெயரையே திருத்திக்கொண்டனர் போலும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறினார் என்று போற்றப்படும் இடத்திற்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். அது கதையால் பிறந்த பெயர். பாதிரிமாரால் பாதிரிப்புலியூர் என்பதோ பெயரால் பிறந்த கதை. முன்னது மரபின் நினைவு. பின்னது மறதியின் விளைவு.

ஒலியொப்புமை போதுமா?

ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு 1946இல் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலால் வழி திறந்தவர் ரா.பி. சேதுப்பிள்ளை. அவருக்குப் பின், 1956 முதல் 1961 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தேவநேயப் பாவாணர், தம் வாழ்நாள் முழுவதையும் சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கே ஒப்படைத்தார். சிற்றூர் வழக்குகளைத் தொகுத்ததிலும், சொற்களைக் குடும்பம் குடும்பமாக வகுத்ததிலும் அவர் உழைப்பு பெரிது. ஆனால் கிரேக்க, இலத்தீன் சொற்கள் பலவற்றையும் தமிழ் வேரிலிருந்தே பிறப்பிக்க அவர் முற்பட்ட இடங்களில், சாக்ரடீஸ் விளையாட்டாகச் செய்ததை அவர் வினையாகச் செய்தார் என்றே நாம் கருதுகிறோம். ஒலியும் பொருளும் ஓரிடத்தில் ஒத்தால் போதாது. பல சொற்களில் ஒரே முறையாக ஒத்துவர வேண்டும்.

அம்முறை எத்தகையது? தமிழில் பால், பல், பத்து, புலி என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என வரும். மொழிமுதல் பகரம் அங்கே ஹகரமாகும் என்னும் ஒழுங்கு இதனால் புலனாகிறது. இத்தகைய ஒழுங்கு நோக்கித் திராவிடச் சொற்களைத் தொகுத்த பர்ரோ, எமனோ ஆகியோரின் அகராதி, பாவாணர் அண்ணாமலையை விட்டு நீங்கிய அதே 1961இல் வெளிவந்தது. மேலை மொழிகளிலும் இவ்வாறே. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ‘பாத்தேர்’ என்பது ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆகும். எனவே நம் பங்குக் குருவைப் பாதிரியார் என்று முதியோரும் ஃபாதர் என்று இளையோரும் அழைக்கும்போது, இருவரும் ஒரே சொல்லைத்தான் வழங்குகின்றனர். வேறாகத் தோன்றும் பாதிரியும் ஃபாதரும் உடன்பிறந்தவை. ஒன்றாகத் தோன்றும் இரண்டு பாதிரிகளுக்கும் உறவே இல்லை. கண்ணுக்கும் செவிக்கும் தோன்றுவதை நம்பலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

முறை பிழையாதபோது தமிழுக்கு உரிய பெருமையும் தானே வந்து சேரும். கிரேக்கர் இஞ்சியைச் ‘சிங்கிபெரிஸ்’ என்றனர். வடநூலார் தம் ‘சிருங்கவேரம்’ என்னும் சொல்லுக்குக் கொம்பு போன்ற உடலுடையது என்று காரணம் கண்டனர். உண்மையில் அதனுள் ஒளிந்திருப்பது திராவிட மொழியின் இஞ்சியும் வேரும் என்பதை அயல்நாட்டு மொழியறிஞரே ஒப்பினர். இங்கே மிகையுரை வேண்டியிருக்கவில்லை, சான்றே போதியதாயிற்று.

நாம் கொள்ள வேண்டியது

இளமையில் எழுதிய நூலொன்றில் அகுஸ்தினார், சொற்பிறப்புக் கூறுதலும் கனவுக்குப் பலன் கூறுதலும் ஒன்றே, கூறுபவரின் அறிவுத்திறத்திற்கேற்ப அது மாறும் என்று எழுதினார். அதே அகுஸ்தினார் முதுமையில் பாஸ்காவின் இரு பொருளையும் சேர்த்துப் போற்றினார். இவ்விரண்டிற்கும் இடையே முரண் இல்லை. பெயர்க்காரணம் தியானத்திற்கு உதவலாம்; பட்டயமாகப் பயன்படலாகாது. தியானம் யாருடைய நிலத்தையும் பறிப்பதில்லை. பட்டயமோ இந்த ஊர் எங்களுடையது, இந்தச் சொல் எங்களுடையது என்று வழக்காடத் துணியும். பெயரால் எழும் வழக்குகளை நாம் காணும் காலம் இது. அவற்றில் பிறர் பிழையைச் சுட்டும் உரிமை, தன் பிழையை முதலில் திருத்திக்கொள்பவர்க்கே உண்டு.

பரங்கிப்பேட்டை இதற்கு நல்ல சான்று. பிராங்கு என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபு நாவில் திரிந்து, கடல் வழியே வந்து, பரங்கி எனத் தமிழாயிற்று. போர்த்துக்கீசியர் அவ்வூரைப் புதுத்துறை என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். இசுலாமியர் மகமூது பந்தர் என்றனர். மூன்று பெயரும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

இனி யாரேனும் திருப்பாதிரிப்புலியூரின் பெயரில் நம் குருக்களைக் காண்பாராயின், அவரிடம் அம்மரத்தைப் பற்றிச் சொல்வோம். முடிந்தால் கோயிலுக்கு அழைத்துச் சென்று காட்டுவோம். ஊரின் பெயரைப் பிறர்க்கே விட்டுக்கொடுப்பதால் நம் விசுவாசத்திற்கு ஒரு குறையும் வந்துவிடாது. மாறாக, நம் பாஸ்கா இரவில் துன்பத்தையும் கடத்தலையும் ஒருங்கே எண்ணும்போது, அவ்வெண்ணம் பொய்யின்மேல் நில்லாதது என்னும் ஆறுதல் நமக்கு எஞ்சும்.